சாட்சியில் விடுபட்டவர்

வாசிக்கிறவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அச்சில் வரும்போது கையெழுத்து தெரியாதுதான். ஆனாலும் இதைப் பார்த்து அச்சுக்கோர்க்கிறவர் படப்போகிற பாட்டை நினைத்துச் சொல்கிறேன். நான் விஸ்வநத்தத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது இன்றைக்கும் தடுமாற்றம்தான். என் மனைவி ஜெபமணி, "குடுங்க, நான் நல்லபடியா எழுதித் தாரேன்" என்றாள். வேண்டாம் என்றேன். ஒருமுறை என் கதையை வேறொருவர் நல்லபடியாக எழுதிக் கொடுத்திருக்கிறார். அதில் வந்த பிழையைத்தான் இப்போது நான் திருத்த வேண்டியிருக்கிறது.

ஆறு வருடத்துக்கு முன்பு, மிஷன் ஆஸ்பத்திரி வேலைக்காக நாங்கள் தான்சானியா புறப்பட்டபோது, இதே சபைப் பத்திரிகையில் என் சாட்சி வெளிவந்தது. நான் சொன்னதைக் கேட்டு அப்போது சபைப் போதகராக இருந்த ஐயர் எழுதியது. அழகான தமிழ். அதில் வருகிற தங்கராஜ் என்னைவிட நல்லவன். அந்தச் சாட்சியில் ஒரு வரி தவறு. ஒருவருடைய பெயர் இல்லை. ஐயர் மேல் குற்றமில்லை. நான் சொன்னதைத்தான் அவர் எழுதினார்.

1

நாங்கள் இருக்கிற இடம் டோடோமா நகரத்திலிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரம். ஆப்பிரிக்கா என்றதும் நான் காட்டை நினைத்துக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் நம் வெம்பக்கோட்டைப் பக்கம் மாதிரி வானம் பார்த்த பூமி. சோளம், கடலை, சூரியகாந்தி. நடுநடுவே பானை வயிறு போலப் பருத்த மரங்கள். அதை மட்டும் நம் பக்கத்தில் பார்க்க முடியாது.

காலையில் எழுந்து ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை ஓட்டி ஆஸ்பத்திரித் தொட்டியை நிரப்புவேன். ஜெனரேட்டருக்கு எண்ணெய் பார்ப்பேன். உடைந்த கட்டில், அடைத்த குழாய், மழை இறங்குகிற கூரை எல்லாம் என் பொறுப்பு. கைவேலைக்காரனை இங்கே 'ஃபுண்டி' என்கிறார்கள். என் பெயரே அதுதான் ஆகிவிட்டது.

வந்த புதிதில் எனக்கு ஒரே ஒரு வணக்கம் சொல்லித் தந்தார்கள். 'ஷிகமூ'. மரியாதையான வணக்கம் என்று சொன்னதால், ஆளைப் பார்க்காமல் எல்லோருக்கும் அதையே சொன்னேன். அது சின்னவர்கள் பெரியவர்களுக்குச் சொல்கிற வணக்கம் என்பது எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு நான் ஷிகமூ சொல்ல, அதுகள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே தாத்தாமார் மாதிரி எனக்கு ஆசி சொல்லிவிட்டுப் போகும். இரண்டு மாதம் அப்படி ஆசி வாங்கினேன். பேச்சே வராத எனக்கு அது ஒன்றும் குறைவாகத் தெரியவில்லை.

என் மகள் ஷீபாவுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. எட்டு வயதில் வந்தாள். இப்போது பதினாலு. சுவாஹிலியில் சண்டை போடுகிறாள், சுவாஹிலியில் கனவும் காண்கிறாள். தூக்கத்தில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். தமிழ் அவளுக்கு அடுப்படியோடு நின்றுவிட்டது. உப்பு, புளி, தண்ணி, தூங்கு, எழுந்திரு. அதைத் தாண்டி ஏதாவது கேட்டால் இங்கிலீஷுக்கு ஓடிவிடுவாள். "நம்ம ஊர்" என்று நான் சொன்னால், "உங்க ஊர்" என்று திருத்துவாள். கோபமாகச் சொல்வதில்லை. உள்ளதைச் சொல்கிற மாதிரி சொல்வாள். அதனால்தான் கொஞ்சம் வலிக்கும்.

2

என் சாட்சி இதுதான். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவனாக இருந்தேன். ஒரு சனிக்கிழமை மாலை கன்வென்ஷன் கூட்டத்தில் ஆண்டவர் என்னை ஊழியத்துக்கு அழைத்தார். திங்கட்கிழமை காலை ஐயரைப் பார்க்கப் போனேன். அந்த நேரத்தில் கம்பெனியில் நான் மருந்து கலக்கும் அறை வெடித்தது. நான் உள்ளே இல்லை. ஆண்டவர் தம் வேலைக்காக என்னைப் பாதுகாத்தார்.

நடந்தது 2002-ஆம் வருடம், தீபாவளி சீசன் சமயத்தில். ஊரில் இதைப் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். நான் கூச்சக்காரன். ஆனால் இது சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. முடித்ததும் ஜனங்கள் "ஸ்தோத்திரம்" என்பார்கள். நான் தலையைக் குனிந்து இடத்துக்குப் போய்விடுவேன்.

இங்கேயும் வருடா வருடம் ஆஸ்பத்திரியின் நன்றி ஆராதனையில் இதைச் சொல்லச் சொல்வார்கள். தமிழ்க்காரரான எங்கள் டாக்டரம்மா பக்கத்தில் நின்று சுவாஹிலியில் மாற்றிச் சொல்வார். இந்த வருடம் அவர் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தார். ஷீபாவை நிறுத்தினார்கள்.

கூட்டமும் வெடியும் வரைக்கும் சரளமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். "அந்த அறையில் உடன் வேலை செய்த ஒருவர் மரித்துப்போனார்" என்று நான் சொன்னதும் நின்றுவிட்டாள். மைக்கைக் கையால் மூடிக்கொண்டாள்.

"ஒருவர்னா யாருப்பா?"

"ஒருத்தர்தான். சொல்லும்மா."

"பேரு சொல்லுங்க. பேரு இல்லாம செத்தவங்களப் பத்தி இங்க பேச மாட்டாங்க. மரியாதை இல்ல."

முன் வரிசையில் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். "கருப்பசாமி" என்றேன்.

"பிள்ளைங்க இருக்காங்களா?"

"ஒரு பையன்."

அவள் மைக்கிலிருந்து கையை எடுத்துச் சொன்னாள். நான் சொன்னதைவிட நீளமாகச் சொன்னாள். 'ரஃபிகி' என்ற வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. நண்பன். நான் அவளிடம் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், ஜனங்கள் எனக்காக வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராக வந்து என் இரண்டு கையையும் பிடித்து, "போலே, ஃபுண்டி" என்றார்கள். போலே என்றால் உன் துக்கத்துக்கு வருந்துகிறேன் என்று பொருள். சாவு வீட்டிலும் சொல்கிற வார்த்தை. சலவை வேலை பார்க்கிற ஒரு பெரியம்மா என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். ஷீபா சொன்னாள்: "அந்த அம்மா எப்படி இருக்காங்கன்னு கேக்கிறாங்கப்பா. உங்க ஃபிரண்டோட வைஃப்."

எனக்குத் தெரியவில்லை. ஏழு வருடத்தில் நான் விசாரித்ததே இல்லை.

நான் காப்பாற்றப்பட்ட கதையைச் சொன்னேன். அவர்கள் என் சிநேகிதன் செத்த கதையைக் கேட்டார்கள். ஏழு வருடத்தில் அதற்காக என் கையைப் பிடித்தவர்கள் இவர்கள்தான்.

3

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

கருப்பசாமி அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பக்கத்து அறையில் அவரும் மருந்துதான் கலக்கினார். பக்கத்துத் தெருக்காரர். நாங்கள் வேதக்காரர்கள், அவர் இருக்கன்குடி மாரியம்மனுக்கு வருடம் தவறாமல் நடந்தே போகிறவர். வேலை முடிந்து கை கழுவும்போது இரண்டு பேருடைய கையும் அலுமினியத் தூளில் வெள்ளி மாதிரி மின்னும். "ஏலே தங்கராசு, சம்பளத்த விட இதுதான் நமக்கு மிச்சம்" என்பார்.

மருந்து கலக்குகிற வேலை வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கலந்த மருந்தில் மிச்சம் விழுந்தால், போர்மேனிடம் சொல்லி அன்றைக்கே அதை அழித்துவிட வேண்டும். மூடி வைக்கக் கூடாது. ஈரக் காற்று பட்டால் அது தானாகச் சூடேறும். சேர்ந்த முதல் நாளே எல்லோருக்கும் இதைச் சொல்லித்தான் உள்ளே விடுவார்கள்.

அந்தச் சனிக்கிழமை எனக்குக் கொஞ்சம் மிச்சம் விழுந்தது. போர்மேன் சம்பளக் கவர் கொடுக்கிற இடத்தில் இருந்தார். அவர் வந்து பார்த்து அழிக்க ஒரு மணி நேரமாவது ஆகும். எனக்கோ கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போக வேண்டும். பிந்திப் போனால் முன் வரிசைதான் காலியாக இருக்கும். முன்னால் போய் உட்கார எனக்குக் கூச்சம். பந்தல் மூங்கில் ஓரமாகக் கடைசி வரிசையில் இடம் பிடிக்க வேண்டும் என்பதற்காக, மிச்ச மருந்தைத் தட்டோடு மூடி வைத்துவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு போனேன். கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் அழைப்பு வந்தது. எழுந்து நின்றேன். வாழ்க்கையில் அத்தனை பேர் முன்னால் நானாக எழுந்து நின்றது அன்றைக்குத்தான்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐயர் என்னை மறுநாள் காலை வரச் சொன்னார். வெளிநாட்டு மிஷன் வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் தரலாம் என்றார். அன்று சாயங்காலம் தூறல் போட்டது. நான் கருப்பசாமி அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணே, நாளைக்குக் காலைல என் ரூமையும் கொஞ்சம் தொறந்து ஆரம்பிச்சு வைங்க. ஒம்பது மணிக்குள்ள வந்துருதேன்."

"எங்கலே போற?"

சொன்னேன். அவர் சிரித்தார். "சாமி கூப்பிட்டுச்சாக்கும். எங்கன இருந்து கூப்பிட்டுச்சு, மைக்லயா? எங்க இருக்கன்குடிக்காரி கூப்பிட்டா நான் நடந்தே போயிருதேன். ஒங்க சாமி கூப்பிட்டா மட்டும் பிளேன்ல வரணுமோ?" உள்ளே திரும்பி, "ஏ பேச்சி, தங்கராசு பிளேன்ல போகப் போறானாம். ஒரு காப்பியப் போடு. பெறகு கேட்டாலும் குடிக்க வர மாட்டான்" என்றார்.

காப்பி குடித்தேன். சாவியைக் கொடுத்தேன். மிச்சம் இருக்கிறது என்று சொல்லவில்லை. சொன்னால் திட்டுவார். புதிதாக அழைப்புப் பெற்றவன் திட்டு வாங்க வேண்டாம் என்று நினைத்தேன். காலையில் நானே போய்ச் சரி செய்துகொள்ளலாம், அவர் தம் அறையை முடித்துவிட்டுத்தானே என் அறைக்கு வருவார் என்றும் ஒரு கணக்குப் போட்டேன். அவர் என் அறையைத்தான் முதலில் திறந்தார்.

ஐயர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தபோது சத்தம் கேட்டது. நம் ஊரில் சத்தம் கேட்டால் எல்லோரும் வெளியே ஓடி, புகை எந்தத் திசை என்றுதான் பார்ப்பார்கள். நான் பார்க்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன். ஐயர் என் தலையில் கை வைத்து, இந்த மகனைக் காத்தீரே என்று ஜெபித்தார். அவர் அதை நன்றிக் கண்ணீர் என்று நினைத்தார். அவர் நினைத்ததை நான் மறுக்கவில்லை. அந்த இடத்தில் பிடித்துக்கொண்டதை ஏழு வருடம் விடவில்லை.

விசாரித்தவர்கள் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். டீக்கடையில் அதைவிட மோசமாகப் பேசினார்கள். பீடி பற்ற வைத்திருப்பான், மருந்துத் தட்டைத் தரையில் உரச இழுத்திருப்பான். நான் டீக்கடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். விசாரித்தவர்கள் எழுதியதையே ஐயரிடம் நானும் சொன்னேன். என் சாட்சி அச்சில் வந்தபோது, அதில் 'உடன் பணியாளர் ஒருவரின் கவனக்குறைவால்' என்று இருந்தது. வாசித்தேன். பேசாமல் இருந்துவிட்டேன்.

வெடித்ததற்கு அந்த மிச்ச மருந்துதான் காரணமா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. பார்த்தவர் உயிரோடு இல்லை. ஆனால் அது அங்கே இருந்தது. வைத்தவன் நான்.

4

நன்றி ஆராதனைக்கு அடுத்த வாரம், தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்க டோடோமா போனோம். ஒவ்வொரு முறையும் போட்டோவோ முத்திரையோ ஏதோ ஒன்று குறையும். இந்த முறை என் படிப்புச் சான்றிதழ். ஐந்தாம் வகுப்புக்கு என்ன சான்றிதழ் தருவது? அந்த அதிகாரி நல்ல மனிதர்தான். கேட்க வேண்டியதைக் கேட்டார். "எங்கள் ஆளால் முடியாத எதை நீ செய்கிறாய்?"

ஷீபாதான் சொன்னாள். மோட்டார் சத்தத்தைக் கேட்டே அப்பாவுக்கு அதன் நோவு தெரியும், எங்கள் ஆஸ்பத்திரியில் ஒருநாள்கூடத் தண்ணீர் நின்றதில்லை என்று. நான் அதை அவளிடம் சொன்னதில்லை. அவள் கவனித்திருக்கிறாள். அதிகாரி முத்திரை குத்தினார்.

அந்தத் தாளில் 'அனுப்பியவர்' என்று ஒரு இடம் உண்டு. வழக்கமாக மிஷன் பெயரை எழுதுவோம். திரும்பி வருகிற பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஆண்டவர் என்னை அழைத்தார் என்பதை இன்றைக்கும் நம்புகிறேன். கூச்சக்காரனான நான் எழுந்து நின்றது என் பலத்தால் ஆன காரியமல்ல. இங்கே ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாலும் அது பொய்யென்று தோன்றவில்லை. ஆனால் என்னைக் காப்பதற்காக அவர் கருப்பசாமி அண்ணனை அந்த அறைக்கு அனுப்பினார் என்று இனி சொல்ல மாட்டேன். அவரை அனுப்பியது நான்.

பக்கத்தில் ஷீபா ஜன்னலோரம் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டு வந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்படித் தமிழில்தான் சொன்னேன். வேறு தமிழ் தேவைப்படவில்லை. கடலைப் பொட்டலத்தை மடித்து வைத்தாள். பிறகு கேட்டாள்: "இத அந்த ஆன்ட்டிட்ட சொன்னீங்களா?"

5

ஜெபமணியின் தங்கை தவமணி ஊரில்தான் இருக்கிறாள். அவளுடைய செல்லுக்குப் பேசி, கருப்பசாமி அண்ணன் மனைவி பேச்சியம்மாள் மதினி வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னேன்.

"மதினி, நான் தங்கராசு பேசுதேன்."

"எந்தத் தங்கராசு? பிளேன் தங்கராசா? என்ன தம்பி, ஏழு வருசம் கழிச்சு மதினி நெனப்பு வந்துருக்கு. மகளுக்குக் கலியாணமா?"

நான் எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். நேராகப் பேசினால் நடுவில் நின்றுவிடுவேன் என்று பயந்து எழுதி வைத்திருந்தேன். அந்தப் பக்கம் மதினி பட்டாசுக்குத் தாள் குழாய் ஒட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"நீங்க கேட்டுத்தான் அவரு போனாருன்னு எனக்குத் தெரியும்" என்றார் மதினி. "காப்பி போட்டுக் குடுத்தது நாந்தான? காலைல, தங்கராசு ரூமை மொத முடிச்சிட்டா அவன் நிம்மதியா வருவான்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

"அப்போ ஏன் மதினி நீங்க யார்ட்டயும் சொல்லல?"

"யாருட்ட சொல்ல? நீங்க சொல்லுவீகன்னு இருந்தேன். பதினாறு கழிஞ்சு சொல்லுவீகன்னு இருந்தேன். வெளிநாடு போகுமுன்ன சொல்லுவீகன்னு இருந்தேன். ஒங்க பேப்பரத் தவமணி வாசிச்சுக் காமிச்சா. அவரு பேரு இல்ல. கவனம் இல்லாதவருன்னு மட்டும் இருந்துச்சு."

"என்னய மன்னிச்சிருங்க மதினி."

"அது பெறகு. மிச்ச மருந்துக் கதைய இன்னைக்குத்தான கேக்கேன். மொதல்ல எம்மகன்ட்ட சொல்லுங்க. அப்பன் பேரை எடுத்தாலே எந்திரிச்சுப் போயிருதான். பள்ளிக்கூடத்துல, பீடி குடிச்சு வெடிச்சவன் மகன்னு சொல்லிருக்கானுக."

மகன் முனீசுக்கு இப்போது இருபது வயது. அச்சாபீசில் வேலை பார்க்கிறான். போனை வாங்கி நான் சொன்னதையெல்லாம் கேட்டான். ஒன்றும் திட்டவில்லை. "எங்கிட்ட போன்ல சொல்லி என்னத்துக்கு?" என்றான். "பேப்பர்ல தப்பாப் போட்டீக. பேப்பர்லயே போடுங்க. போட்டா வாசிக்கேன்."

கடைசியில் தவமணி போனை வாங்கிக்கொண்டாள். அவள் சொன்ன பிறகுதான் ஒன்று தெரிந்தது. நம் சபையில் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை மிஷனுக்கென்று டப்பாவில் போடுவது உங்களுக்குத் தெரியும். நாங்கள் புறப்பட்டபோது எங்கள் பாத்திரம் பண்டங்களை ஜெபமணிதான் மதினி வீட்டில் கொண்டுபோய்ப் போட்டாள், நான் போகவில்லை. அதோடு எங்கள் அரிசி டப்பாவும் போயிருக்கிறது. அது என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆறு வருடமாக மதினி அதில் அரிசி போட்டு வருகிறார். மாதா மாதம் தவமணி எடுத்துக்கொண்டு போகிறாள். யார் வீட்டு டப்பா என்று சபையில் யாரும் கேட்டதில்லை.

"குடு அவுகட்ட" என்றேன். மதினி மறுபடியும் வந்தார்.

"எதுக்கு மதினி?"

"ஒங்களுக்குன்னு போடல தம்பி. அவரு அன்னைக்கு ஒங்க வேலையத்தான பாத்தாரு. அது பாதில நிக்கக் கூடாதுல்லா." அந்தப் பக்கம் மறுபடியும் குழாய் ஒட்டுகிற சத்தம் கேட்டது. "இனிமே போடுவனோ மாட்டனோ, தெரியல. இன்னைக்கு ஒலை வைக்கையில பாப்பம்."

போனை வைத்துவிட்டார். அன்றைக்குப் போட்டாரா என்று நான் தவமணியிடம் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை.

6

முனீசு, நீ கேட்டபடி எழுதுகிறேன்.

உன் அப்பா பெயர் கருப்பசாமி. அவர் பீடி குடிக்கிறவர் இல்லை. பதினெட்டு வருடம் மருந்து கலக்கியவர், ஒருநாளும் மிச்சம் வைத்தவர் இல்லை. அவர் தம் கவனக்குறைவால் சாகவில்லை. நான் மூடி வைத்துவிட்டுச் சொல்லாமல் விட்ட மருந்து இருந்த அறையை, நான் கேட்டுக்கொண்டதால், நான் கொடுத்த சாவியால் திறந்தார். இதே பத்திரிகையில் என் பெயரில் முன்பு வந்த வரி பொய். இனி எந்தச் சபையில் நான் சாட்சி சொன்னாலும் இதையும் சேர்த்துத்தான் சொல்வேன். ஷீபா மாற்றிச் சொல்வாள்.

அண்ணன் வீட்டில் காப்பி குடித்த அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை இது. எழுதி முடிக்கிற இன்றும் சனிக்கிழமைதான். ஜெனரேட்டரை நிறுத்தி, தொட்டியைப் பார்த்து, மிச்ச வேலை எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் உட்கார்ந்து எழுதினேன்.

தங்கராஜ்
12 செப்டம்பர் 2009